வாண்டர்பில்ட் கோப்பையும் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே என்ற பழைய கார்ச் சாலை சைக்கிள் பாதையாக உயிர் பிழைத்திருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே நடக்க அழைத்துப்போவது என் வழக்கம். பாதி தூரம் போவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும், பெரும்பாலும் அதே கேள்விகள். கார்ப் பந்தயப் பிரியர்கள் கேட்பது ஒரு மாதிரி, பழைய படங்களை வைத்திருப்பவர்கள் கேட்பது இன்னொரு மாதிரி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

வாண்டர்பில்ட் கோப்பை என்றால் என்ன? யார் அந்த வாண்டர்பில்ட்?

வில்லியம் கே. வாண்டர்பில்ட் இளையவர், 1878-இல் பிறந்தவர். கப்பலிலும் ரயில்வேயிலும் பெருஞ்செல்வம் சேர்த்த கொர்னீலியஸ் வாண்டர்பில்ட்டின் கொள்ளுப்பேரன். பணத்துக்குக் குறைவில்லை, கார் மேல் தீராத பித்து. 1904 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் மெர்சிடஸ் கார் ஒன்றை மணிக்கு 92.3 மைல் (சுமார் 148 கி.மீ.) வேகத்தில் ஓட்டினார். அதே மாதம் உறைந்த ஏரியின்மேல் ஹென்றி ஃபோர்டு செய்திருந்த சாதனை அதோடு பின்தங்கியது.

அந்தக் காலத்தில் நல்ல கார் என்றால் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி என்றுதான் அர்த்தம். அந்தக் கார்களை அமெரிக்க மண்ணுக்கு வரவழைத்து மோதவிட்டால்தான் உள்ளூர்க் கம்பெனிகளுக்கு ரோஷம் வரும் என்று வாண்டர்பில்ட் கணக்குப் போட்டார். டிஃபனி நிறுவனத்தில் பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்றைச் செய்வித்து, பந்தயத்துக்குப் பரிசாக வைத்தார். டேடோனாவில் மெர்சிடஸ் ஓட்டும் தன் உருவத்தையே அதில் பொறிக்கவும் செய்தார். அடக்கம் அந்தக் குடும்பத்தின் சொத்துக் கணக்கில் இல்லை.

அதற்கு முன்னால் அமெரிக்காவில் கார்ப் பந்தயமே நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 1895 நவம்பரில் சிகாகோவில், பனியும் சேறுமான சாலையில் நடந்த பந்தயத்தில் ஃபிராங்க் டுரியே வென்றார். ஐரோப்பாவில் 1900 முதல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் இருந்தது. நாடு வாரியாகக் கார்கள் போட்டியிடுவது, காரின் எல்லாப் பாகங்களும் அந்தந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அங்கே முன்பே புழங்கியவை. வாண்டர்பில்ட் அவற்றை எடுத்துக்கொண்டார். காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது இன்னொரு விதி. எடைக்குத்தான் வரம்பு, எஞ்சினின் அளவுக்கு இல்லை. அதனால் மெல்லிய சட்டத்தின்மேல் பூதம் போன்ற எஞ்சினை ஏற்றினார்கள்.

பொதுச் சாலையிலா பந்தயம் விட்டார்கள்?

ஆமாம். 1904 அக்டோபர் 8, சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். குவீன்ஸிலிருந்து கிழக்கே நீளும் லாங் ஐலண்ட் தீவின் நாசா (Nassau) மாவட்டத்தில், ஜெரிக்கோ டர்ன்பைக் என்ற சாலை, ஹிக்ஸ்வில், ஹெம்ப்ஸ்டெட் ஊர்கள் என்று சுற்றிவரும் 30 மைல் பாதை. பத்துச் சுற்று. 18 கார்கள் சேர்ந்து புறப்படாமல் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டுக் கிளம்பின. மண் சாலை என்பதால் புழுதி அடங்குவதற்காக எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். புழுதி அடங்கியதோ இல்லையோ, ஓட்டுநர்களின் முகத்தில் எண்ணெய் அப்பியது நிச்சயம்.

ஹிக்ஸ்வில், ஹெம்ப்ஸ்டெட் இரண்டிலும் ரயில் பாதையும் கடைத்தெருவும் குறுக்கே வந்தன. அங்கே பறந்து போகக் கூடாது. ஊர் எல்லையில் காரை நிறுத்த வேண்டும், பிறகு சைக்கிள்காரர் முன்னே போக, பின்னால் மெதுவாக ஊரைக் கடக்க வேண்டும், மறு எல்லையில் மறுபடி வேகம் எடுக்கலாம். அந்த நேரத்தையும் தூரத்தையும் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். 30 மைல் வீதம் பத்துச் சுற்று என்றாலும் பதிவுகளில் 284.4 மைல் (458 கி.மீ.) என்று இருப்பதற்கு இதுதான் காரணம். இன்று நம்மவர்கள் இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் வாங்கக் கார் நிறுத்த இடம் தேடி அலையும் ஹிக்ஸ்வில்தான் அது. அங்கே கார்கள் ஊர்ந்து போகும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

வென்றவர் ஜார்ஜ் ஹீத், பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கர்; பிரெஞ்சுக் காரான பனார் ஓட்டினார். சராசரி மணிக்கு 52.2 மைல் (84 கி.மீ.). இரண்டாவதாக வந்த ஆல்பர் கிளெமான் ஒன்றரை நிமிட இடைவெளியில் முடித்தார். அதற்குள் கூட்டம் சாலைக்குள் இறங்கிவிட்டது. மற்ற கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

படங்களில் ஒரு காரில் இரண்டு பேர் தெரிகிறார்களே, பக்கத்தில் இருப்பவர் யார்?

கூடவே ஓடும் மெக்கானிக். சும்மா உட்கார்ந்து வருபவர் அல்லர். எரிபொருள் தொட்டியில் அழுத்தம் குறையாமல் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சினுக்கு எண்ணெய் இறைக்க வேண்டும். பின்னால் எந்தக் கார் நெருங்குகிறது என்று திரும்பிப் பார்த்து ஓட்டுநருக்குத் தட்டிச் சொல்ல வேண்டும். டயர் தேய்கிறதா என்று உடலை வெளியே சாய்த்துப் பார்க்க வேண்டும். டயர் போனால் இருவரும் இறங்கி மாற்ற வேண்டும். இருக்கைப் பட்டை, தலைக்கவசம் எதுவும் கிடையாது. பல கார்களில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிதான்.

கார் கவிழ்ந்தால் முதலில் தூக்கி எறியப்படுபவரும் அவர்தான். 1904 பந்தயத்தில் ஜார்ஜ் ஆரண்ட்ஸ் ஓட்டிய மெர்சிடஸ் கவிழ்ந்து மெக்கானிக் கார்ல் மென்சல் இறந்தார். வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மெக்கானிக்குகளின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் கீழே ஓட்டுநர் பெயரை மட்டும் எழுதிப் பக்கத்தில் இருப்பவரை விட்டுவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஊர் மக்கள் இதற்கெல்லாம் சம்மதித்தார்களா?

சம்மதித்தவர்களும் உண்டு, விடுதிக்காரர்களுக்கும் உணவு விற்றவர்களுக்கும் நல்ல வரும்படி. விவசாயிகளுக்குக் கோபம். தங்கள் வரிப்பணத்தில் போட்ட சாலையைக் கோடீஸ்வரர்கள் ஒரு நாள் முழுக்க அடைத்துக்கொள்வதா என்று வழக்குப் போட்டும் பார்த்தார்கள், தடை கிடைக்கவில்லை. நாய்களைக் கட்டி வையுங்கள், கோழிகளை அடைத்து வையுங்கள் என்று ஊரெங்கும் அறிவிப்பு ஒட்டினார்கள். நாயும் கோழியும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டன. மனிதர்கள் கேட்கவில்லை. கார் வருவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று சாலை நடுவில் நின்று, கடைசி நொடியில் விலகுவது ஒரு வீர விளையாட்டாகவே ஆகிப்போனது.

யார் யார் வென்றார்கள்? அமெரிக்கக் கார் எப்போது வென்றது?

லாங் ஐலண்டில் ஆறு பந்தயங்கள். 1904-இல் ஹீத், 1905-இல் விக்டர் எமெரி, 1906-இல் லூயி வாக்னர். மூன்று முறையும் பிரெஞ்சுக் கார்கள், பிந்தைய இரண்டும் டராக். 1907-இல் பந்தயம் இல்லை. 1908-இல் ஜார்ஜ் ராபர்ட்சன் லோகோமொபைல் காரில் வென்றார். கோப்பையை எடுத்த முதல் அமெரிக்கக் கார் அது. 1909, 1910 இரண்டிலும் ஹேரி கிராண்ட், ஆல்கோ காரில். ரயில் எஞ்சின் செய்யும் கம்பெனியின் கார் அது. 1910-இல் மார்மன் காரில் வந்த ஜோ டாசனை கிராண்ட் முந்தியது வெறும் 25 விநாடியில்.

தோற்றவர்களின் பட்டியல் இதைவிடச் சுவையானது. 1905-இல் ஃபியட் அணியில் வின்சென்சோ லான்சியாவும் லூயி ஷெவ்ரோலேயும் ஓட்டினார்கள். இருவர் பெயரிலும் பின்னாளில் கார் கம்பெனிகள் வந்தன. முன்னணியில் பறந்த லான்சியா, வால்டர் கிறிஸ்டியின் கார்மீது மோதி வெற்றியைக் கோட்டைவிட்டார்.

பந்தயம் விடுவதற்காக ஒரு சாலையையே போட்டார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1906 பந்தயத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வந்தது. மினியோலாவில் எலியட் ஷெப்பர்டின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர் ஒருவர் உயிர் போயிற்று. பொதுச் சாலையில் இனிமேல் கூடாது என்ற குரல் வலுத்தது. தனிச் சாலை ஒன்று போட்டுவிட்டால் பந்தயத்துக்கும் ஆகும், மற்ற நாட்களில் சுங்கம் வாங்கிக்கொண்டு கார்க்காரர்களை விடலாம் என்று வாண்டர்பில்ட் கம்பெனி தொடங்கினார். 1908 ஜூனில் வேலை ஆரம்பித்தது. அக்டோபரில் முதல் பகுதி திறந்தது.

ஆனால் பந்தயம் முழுக்க அந்தச் சாலையில் ஒருபோதும் நடந்ததில்லை. 1908-இல் சுமார் 23 மைல் சுற்றில் ஏறக்குறைய 9 மைல்தான் பார்க்வே. மிச்சம் பழைய பொதுச் சாலைகளே. 1909, 1910-இலும் அப்படித்தான். பத்திரிகைக் கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

சரி, அந்தச் சாலையில் அப்படி என்ன விசேஷம்?

கார்களுக்கு மட்டும் என்று திட்டமிட்டுப் போட்ட சாலை. குதிரை வண்டிக்கு இடமில்லை. கம்பி வலை வைத்துக் கான்கிரீட் ஊற்றிய தளம். 1908-இல் இது பெரிய விஷயம். வளைவுகளில் வெளிப்புறம் உயர்ந்து சரிந்திருக்கும், வேகத்தைக் குறைக்காமல் திரும்பலாம். குறுக்கே வரும் ஒவ்வொரு தெருவுக்கும் ரயில் பாதைக்கும் மேலேயோ கீழேயோ பாலம். அப்படி 60-க்கும் மேற்பட்ட பாலங்கள். சுங்கச்சாவடி இருக்கும் இடத்தில் மட்டுமே ஏறவோ இறங்கவோ முடியும். இன்றைக்கு நம் ஊர் விரைவுச்சாலைகளில் சாதாரணமாகிவிட்ட அத்தனையும் இதில் இருந்தன.

குறைகளும் இருந்தன. முதலில் 16 அடி அகலம்தான், பிறகு 22 அடி ஆக்கினார்கள். நிலம் தர மறுத்தவர்களைச் சுற்றிச் சுற்றிப் போனதால் பாதை பாம்புபோல் நெளிந்தது. ரிவர்ஹெட் வரை போவதாகத் திட்டம்; லேக் ரொங்கொங்கோமாவோடு நின்றுவிட்டது. மேற்கில் குவீன்ஸின் ஃபிரெஷ் மெடோஸ் வரை நீட்டியபோது மொத்தம் சுமார் 45 மைல் (72 கி.மீ.).

உலகின் முதல் எக்ஸ்பிரஸ்வே இதுதான் என்று படித்தேன். சரிதானா?

எதற்கு முதல் என்று சொல்லிவிட்டால் சரி. கார்களுக்கு மட்டுமான, குறுக்குச் சந்திப்பே இல்லாத, கான்கிரீட் போட்ட நெடுஞ்சாலை என்ற வகையில் இதற்கு முந்தியது எனக்குத் தெரிந்து இல்லை. பெர்லினின் ஆவுஸ் 1921, இத்தாலியின் ஏரிகள் நோக்கிய ஆட்டோஸ்ட்ராடா 1924. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் 1907-இலேயே வந்துவிட்டது, ஆனால் அது வட்டமாகச் சுற்றும் பந்தயத் தடம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக உதவாது. இன்றைய எக்ஸ்பிரஸ்வே போல் நடுவில் பிரிப்பு வைத்த நான்கு வழிச் சாலை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். எதிரெதிரே இரண்டு கார் போகும் ஒற்றைச் சாலை.

சுங்கம் எவ்வளவு வாங்கினார்கள்?

ஆரம்பத்தில் 2 டாலர். ஃபோர்டு மாடல் டி காரின் விலையே 850 டாலர் அளவில் இருந்த ஆண்டில் இது அடாவடிக் கட்டணம். போகப்போக 1 டாலர் ஆயிற்று, கடைசிக் காலத்தில் 40 சென்ட் வரை இறங்கியது. முதலில் கட்டிய சாவடிகளை வடிவமைத்தவர் ஜான் ரஸ்ஸல் போப். வாஷிங்டனில் ஜெஃபர்சன் நினைவு மண்டபத்தை வடிவமைத்த அதே மனிதர். சாவடி என்றதும் தகரக் கூண்டை நினைக்க வேண்டாம். வசூல்காரர் குடும்பத்தோடு குடியிருக்கும் அழகான சிறு வீடு அது.

தனிச் சாலை வந்த பிறகும் பந்தயம் ஏன் நின்றது?

முன்பு சொன்னதுதான்: மிச்சப் பாதை இன்னும் பொதுச் சாலை, கூட்டம் அதே கூட்டம். 1910 பந்தயத்தில் மெக்கானிக்குகள் இருவர் இறந்தார்கள், பலர் படுகாயம் அடைந்தார்கள். லாங் ஐலண்டில் அதுவே கடைசி. கோப்பை ஊர் ஊராகப் போயிற்று: 1911-இல் சவானா, 1912-இல் மில்வாக்கி, 1914-இல் சான்டா மோனிகா, 1915-இல் சான் பிரான்சிஸ்கோ, 1916-இல் மறுபடியும் சான்டா மோனிகா. அதற்குள் 1911-இல் இண்டியானாபொலிஸ் 500 தொடங்கிவிட்டது. நுழைவுச்சீட்டு வாங்கி வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும் பந்தயத்தின் முன்னால், சாலையில் சும்மா நின்று பார்க்கும் பந்தயம் வருமானத்திலும் தோற்றது, பாதுகாப்பிலும் தோற்றது.

1936-இல் இத்தாலிய ஓட்டுநர் நுவோலாரி வாங்கியதும் இதே கோப்பைதானே?

இல்லை. 1936, 1937 ஆண்டுகளில் லாங் ஐலண்டின் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில் நடந்த பந்தயங்களுக்கு ஜார்ஜ் வாண்டர்பில்ட் என்ற உறவினர் வைத்தது வேறு கோப்பை. முதலாம் ஆண்டு ஆல்ஃபா ரோமியோவில் டாசியோ நுவோலாரி, அடுத்த ஆண்டு ஆட்டோ யூனியனில் பெர்ண்ட் ரோசமேயர். பெயர் ஒன்றாக இருப்பதால் பல பட்டியல்கள் 1904-லிருந்து 1937 வரை ஒரே வரிசையாகக் கோத்துவிடுகின்றன. சேகரிப்பாளர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஏல விற்பனையில் நிகழ்ச்சி நிரல் புத்தகம் ஒன்றைப் பார்த்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள்.

சாலையை ஒழித்துக்கட்டியவர் ராபர்ட் மோசஸ்தானே?

கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தால் எல்லோருக்கும் வசதி. மோசஸ் நியூயார்க்கின் பூங்காக்களையும் சாலைகளையும் ஆட்டிப்படைத்தவர். அவர் போட்ட நார்தர்ன் ஸ்டேட் பார்க்வே 1930-களில் கிட்டத்தட்ட இதற்குப் பக்கத்திலேயே வந்தது: அகலமானது, நேரானது, கட்டணம் இல்லாதது. இலவசச் சாலை அருகில் இருக்கும்போது காசு கொடுத்து நெளிந்து நெளிந்து யார் போவார்கள்? வாண்டர்பில்ட்டின் சாலையை அரசு விலை கொடுத்து வாங்கவும் மோசஸ் விரும்பவில்லை.

ஆனால் கார்களின் வேகமும் எண்ணிக்கையும் கூடிய பிறகு, 22 அடி அகலமும் கூன் விழுந்த குறுகிய பாலங்களும் எப்படியும் தாங்கியிருக்காது. வரி பாக்கி சுமார் 80,000 டாலர் சேர்ந்தது. 1938-இல் சாலையை மூடி, பாக்கிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைத்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே 1938-இல் குவீன்ஸ் பகுதியைச் சைக்கிள் பாதையாகத் திறந்து வைத்ததும் மோசஸ்தான். இன்று நாம் நடக்க ஓர் இடம் இருப்பது அதனால்தான்.

மதுவிலக்குக் காலத்தில் சாராயக் கடத்தல்காரர்கள் பயன்படுத்திய சாலையாமே?

அப்படித்தான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது. கடற்கரை ஓரமாகச் சரக்கு இறங்கிய தீவில், நகரத்தை நோக்கி ஓடும் தனியார் சாலை கடத்தலுக்கு வசதியானதுதான். எல்லா ஊர்க் கதையையும் போல இதுவும் சொல்லச் சொல்ல வளர்ந்திருக்கிறது.

இப்போது நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

குவீன்ஸில் தொடங்குங்கள். கன்னிங்ஹாம் பார்க்கிலிருந்து ஆலி பாண்ட் பார்க் தாண்டி வின்செஸ்டர் புலவார் வரை சுமார் இரண்டரை மைல் பாதை. ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலில் தரிசனம் முடித்து, கேண்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுக் காரில் வந்தால் அதிக நேரம் ஆகாது. 73-ஆம் அவென்யூ மேலே செல்லும் பாலத்தில் நின்று பாருங்கள்: மேலே பாதை அமைதியாக இருக்கும், கீழே பஸ் போகும். கைப்பிடிச் சுவரின் கான்கிரீட்டைக் கிட்டத்தில் பார்த்தால் வழுவழுப்பாக இருக்காது; உள்ளிருக்கும் கூழாங்கற்கள் மேலே துருத்தித் தெரியும். ஸ்பிரிங்ஃபீல்ட் புலவார் மேலும் ஒரு பாலம் இருக்கிறது. ஆலி பாண்ட் பக்கம் பாதை மரங்களுக்குள் இறங்கி ஏறும்போது, ஓரத்தில் சதுரமான கான்கிரீட் கம்பங்கள் சாய்ந்தும் உடைந்தும் நிற்கும். அந்தக் காலத்து ஓரத்தடுப்பின் மிச்சம். குவீன்ஸ் பகுதி 2002-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

நாசா மாவட்டத்தில் பெரும்பகுதி வீடுகளுக்கும் மின்கம்பித் தடத்துக்கும் அடியில் போய்விட்டது. உயரழுத்த மின்கம்பங்கள் வீடுகளுக்கு நடுவே விசித்திரமாக வளைந்து போவதைப் பார்த்தால், அடியில் பழைய பார்க்வே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கார்டன் சிட்டி சுங்கச்சாவடி வீட்டை 1989-இல் அப்படியே பெயர்த்து வேறு தெருவில் வைத்தார்கள். உள்ளூர் வணிகர் சங்கம் அதில் இயங்குகிறது. சஃபோக் மாவட்டத்தில் டிக்ஸ் ஹில்ஸ் முதல் ரொங்கொங்கோமா வரை இன்றும் வாண்டர்பில்ட் மோட்டார் பார்க்வே என்ற பெயரிலேயே மாவட்டச் சாலை ஓடுகிறது. பெயர் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. ஆனால் அகலப்படுத்தி, சிக்னல் போட்டு, பழைய தளத்தின் சுவடே இல்லாமல் செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பெயரை இழந்து உருவத்தைக் காப்பாற்றிக்கொண்ட குவீன்ஸ் பாதைதான் நல்ல பாதுகாப்பு.

கோப்பையும் அந்தக் கார்களும் எங்கே இருக்கின்றன?

கோப்பை வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தில். 1908-இல் வென்ற லோகோமொபைல், 'ஓல்ட் 16' என்று செல்லப்பெயர் பெற்றது, மிச்சிகனில் டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிராண்டின் ஆல்கோவும் தப்பிப் பிழைத்துத் தனியார் சேகரிப்பில் இருக்கிறது. சென்டர்போர்ட்டில் வாண்டர்பில்ட் வாழ்ந்த மாளிகை இன்று சஃபோக் மாவட்ட அருங்காட்சியகம். 1904 பந்தயத்தைப் படம் பிடித்த சலனப்படம்கூட அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

பழைய காரைப் பளபளவென்று புதிதாக்கிவிட்டால் என்ன தவறு?

தவறு என்று பொதுவாகச் சொல்லமாட்டேன். துருப்பிடித்து உதிரும் காரை அப்படியே விட முடியாது. ஆனால் ஓல்ட் 16-ஐப் பாருங்கள். ஓவியர் பீட்டர் ஹெல்க் 1941 முதல் பல பத்தாண்டுகள் அதை வைத்திருந்தார். அதைப் புதுப்பிக்கும் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை, சாலையில் ஓட்டியும் மகிழ்ந்தார். நான்கே சிலிண்டரில் சுமார் 16 லிட்டர் கொள்ளளவு கொண்ட எஞ்சின் அது. பந்தய நாளின் வண்ணமும் அடிபட்ட தழும்புகளும் அதில் இருப்பதால்தான் ஆய்வாளர்கள் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடிகிறது. மேல்பூச்சைச் சுரண்டிவிட்டால் அந்தக் கார் ஒரு தகவலும் சொல்லாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாமல் சீட்டுக் கட்டி வைக்க வேண்டும்.

பழைய பந்தயப் படம் ஒன்று கிடைத்தது. காரில் எண் தெரிகிறது. எந்த ஆண்டு என்று சொல்ல முடியுமா?

எண்ணை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வோர் ஆண்டும் எண்கள் புதிதாகத் தரப்பட்டன. ஓல்ட் 16 காரே 1906-இல் ஜோ டிரேசி ஓட்டியபோது 9-ஆம் எண்ணில் ஓடியது. அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றும் அதனுடையதே. ஒரே கார், இரண்டு எண், இரண்டு ஆண்டு.

முதலில் தளத்தைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றிய கறுத்த மண் சாலையா, வெளிறிய கான்கிரீட்டா? கான்கிரீட் என்றால் 1908 அல்லது அதற்குப் பின். மண் சாலை என்றால் அப்படி முடிவு கட்ட முடியாது. மேலே சொன்னபடி 1908-க்குப் பிறகும் பாதிப் பாதை பொதுச் சாலைதான். அடுத்து பார்வையாளர் மேடை: 1904 முதல் 1906 வரை ஜெரிக்கோ டர்ன்பைக் ஓரத்தில், 1908-லிருந்து பார்க்வேயை ஒட்டி, மரமற்ற சமவெளியில். தந்திக் கம்பங்களின் வரிசை, தேவாலயக் கோபுரம், விடுதியின் பெயர்ப்பலகை எல்லாம் இடத்தைச் சொல்லும். காரின் முகப்பு வடிவத்தைக் கடைசியாகப் பாருங்கள். பலரும் அதிலிருந்துதான் தொடங்கிக் குழம்புகிறார்கள்.

கண்ணாடி நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எப்படி வைப்பது?

படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், எடையில் அடியிலுள்ளது விரிசல் விடும். அமிலமற்ற உறையில் ஒவ்வொன்றாக இட்டு, நீளமான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள். மாடியறையும் நிலவறையும் வேண்டாம், வெப்பமும் ஈரமும் சீராக இருக்கும் அறை போதும். உறையில் இருக்கும் பழைய கையெழுத்து தப்பாகத் தோன்றினாலும் உறையை எறியாதீர்கள், அதுவும் சான்று. நூலகத்துக்கோ வரலாற்றுச் சங்கத்துக்கோ கொடுக்கும்போது, பொதுமக்கள் பார்க்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டகத்தில் தூங்குவதற்கு உங்கள் வீட்டு அலமாரியே போதுமே.

கோடீஸ்வரர் விளையாடிய விளையாட்டு. இதைப் பாதுகாப்பதற்கு ஏன் பொதுப்பணம் செலவழிக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. வாண்டர்பில்ட்டுக்காக ஒரு சென்ட் செலவழிக்க வேண்டாம், அவர் மாளிகையே அவரைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த விளையாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்: மென்சல், 1910-இல் இறந்த மெக்கானிக்குகள், மினியோலாவில் வேடிக்கை பார்க்க வந்து திரும்பிப் போகாதவர். சாலை யாருடையது, காசுள்ளவனுக்குத் தனி வழி வேண்டுமா, சுங்கம் வாங்கலாமா என்ற சண்டைகள் அங்கே தொடங்கி இன்று உளுந்தூர்ப்பேட்டைச் சுங்கச்சாவடி வரை ஓயவில்லை. அந்தச் சண்டை நடந்த இடத்தில் இரண்டரை மைலை நடைபாதையாக வைத்திருப்பது பெரிய செலவும் அல்ல. குழந்தைகள் சைக்கிள் பழகுகிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள்.

என் குறை வேறு. பந்தயத்துக்குக் கிடைக்கும் கவனம் சாலைக்குக் கிடைப்பதில்லை. காரை நான்கு சுவருக்குள் பூட்டிக் காப்பாற்றலாம். பாலத்தையும் கம்பத்தையும் யாராவது தினமும் கடந்து போய்க்கொண்டிருந்தால்தான் காப்பாற்ற முடியும்.

லாங் ஐலண்டில் வீடு வாங்கினோம். கொல்லையில் பழைய கான்கிரீட் கம்பம் ஒன்று நிற்கிறது. பிடுங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். சதுரமாக, முழங்கால் அளவோ இடுப்பளவோ உயர்ந்து, வீட்டு எல்லைக்கோட்டுக்கும் வேலிக்கும் சம்பந்தமில்லாத கோணத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் பார்க்வேயின் கம்பமாக இருக்கலாம். உங்கள் நிலத்தில் இருப்பதால் அதைப் பிடுங்க உங்களுக்கு உரிமை இருக்கலாம். பூங்காவில் இருப்பதைத் தொட யாருக்கும் உரிமை இல்லை. நினைவுப் பொருளாக உடைத்து எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

பிடுங்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். அது நிற்கும் இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும், அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உங்கள் ஊர் வரலாற்றாளர் அலுவலகத்துக்கோ லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே பாதுகாப்புச் சங்கத்துக்கோ அனுப்புங்கள். நியூயார்க் மாநிலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதிகாரபூர்வ வரலாற்றாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, தயங்காமல் எழுதலாம். ஒரு கம்பத்தின் இடம் உறுதியானால் சாலை அந்த இடத்தில் எந்தப் பக்கம் வளைந்தது என்று கோடு போட முடியும். வரைபடத்தில் இன்னும் அப்படி நிரப்ப வேண்டிய இடைவெளிகள் நாசா மாவட்டத்தில்தான் அதிகம். கம்பத்தைச் சுற்றி ஒரு மல்லிகைக் கொடி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேர் கான்கிரீட்டைப் பிளக்கும், இந்த ஊர்க் குளிரில் மல்லிகையும் பிழைக்காது. தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.